மௌனம் சம்மதமாகாது: டிசைன் ஆபீஸுக்கு சைட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

டிசைன் ஆபீஸ் பொறுப்பாளர்களுக்கும், திட்ட நிர்வாகத்தில் முடிவெடுக்கிறவர்களுக்கும்,

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை சைட் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. தூரத்து சைட்டுகளில் தங்கி வேலை பார்க்கும் டிசைன் பொறியாளர்களை எல்லாம் திரும்ப அழைத்துக்கொள்கிறீர்கள். கட்டமைப்பு சம்பந்தமாக என்ன கேள்வி வந்தாலும் இனி படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். டிசைனருக்கு நேராகப் போன் போடக் கூடாது. பத்து வேலை நாட்களில் பதில் வரும். இதோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். ஆனால் கடைசி வரி இருக்கிறதே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால், சைட் பொறியாளர் பொருத்தமான கோட் (கட்டுமானத் தர நெறிமுறை) விதிகளைப் பார்த்து, தன் சொந்தத் தீர்மானத்தில் வேலையைத் தொடரலாமாம்.

அதாவது நீங்கள் வாயே திறக்காவிட்டால் அதுவும் ஒரு ஒப்புதல். டிராயிங்கில் கையெழுத்து உங்களுடையது. கணக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எந்தக் காலத்தில், அதாவது தூணில், எந்த லோடு எவ்வளவு வருகிறது, எந்த இடத்தில் தாராளமாக விட்டிருக்கிறீர்கள், எந்த இடத்தில் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் கையில் இருப்பது ஒரு டிராயிங், அதன் ஓரத்தில் "அளவுகளை சைட்டில் சரிபார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு குறிப்பு, இப்போது கூடவே இந்தச் சுற்றறிக்கை. இதை வைத்துக்கொண்டு எங்களை டிசைனர் ஆகச் சொல்கிறீர்கள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், சைட்டில்தானே முடிவெடுத்தார்கள் என்று நீங்கள் சொல்வதற்கும் அந்தக் கடைசி வரியே போதும்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. சைட்டிலிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு டிராயிங்கிலேயே பதில் இருக்கும், பொதுக் குறிப்புகள் உள்ள முதல் ஷீட்டை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வேலை தாமதமானதற்கு ஒரு காகிதச் சாட்சி வேண்டும் என்பதற்காகவே கேள்வி அனுப்பும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு. உங்களுக்குச் சலிப்பு வருவது நியாயம். சைட்டில் ஒரு டிசைன் பொறியாளரை வைத்துக்கொள்வது செலவுதான், அதுவும் நியாயம். ஆனால் அந்த வெட்டிக் கேள்விகளை உங்கள் மேசைக்கு வரவிடாமல் அங்கேயே தீர்த்து வைத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் திரும்ப அழைக்கும் அதே ஆள்தான்.

பொதுவாகப் பேசினால் உங்களுக்கு உறைக்காது. குழாய்களைத் தாங்கும் பைப் ரேக் ஒன்றின் அஸ்திவாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கான்கிரீட் போடும்போது வைப்ரேட்டர் இடித்து, போல்ட்டுகளை இடத்தில் பிடித்திருக்கும் டெம்ப்ளேட் தளர்ந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் சர்வேயர் அளந்தபோது காலம் உட்காரும் ஒரு பெடஸ்டலில், காலத்தை அஸ்திவாரத்தோடு பிணைக்கும் நான்கு ஆங்கர் போல்ட்டும் சேர்ந்து ஓரத்தைப் பார்த்து 40 மி.மீ. நகர்ந்திருந்தன. வரிசையில் அடுத்த பெடஸ்டலிலும் கிட்டத்தட்ட அதே அளவு நகர்வு. கிரேன் வந்து நின்றாயிற்று, காலம் தரையில் கிடக்கிறது, ஸ்டீல் நிறுத்தும் ஃபோர்மேன் சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் கெட்டவர் இல்லை, இதே மாதிரி எத்தனையோ பார்த்தவர். அவர் சொன்ன வழிகள் மூன்று. காஸ் டார்ச்சால் போல்ட்டைச் சுட்டு வளைத்துவிடலாம். இல்லையென்றால் காலத்தின் அடியில் இருக்கும் பேஸ் பிளேட் ஓட்டையை நீளமாக வெட்டிவிடலாம். அதுவும் இல்லையென்றால் போல்ட்டை அறுத்துவிட்டு, பக்கத்தில் துளை போட்டு, பசையால் பிடிக்கும் கெமிக்கல் ஆங்கர் வைத்துவிடலாம்.

மூன்றுமே சைட்டில் தினமும் நடப்பவைதான். ஆனால் அந்தப் போல்ட்டின் முனையைக் குனிந்து பார்த்தால் சிவப்புப் பெயின்ட் இருந்தது. ஆங்கர் போல்ட்டுக்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்1554-இல் நீலம் என்றால் கிரேடு 36, மஞ்சள் என்றால் 55, சிவப்பு என்றால் 105. சிவப்பு என்பது வெப்பப் பதப்படுத்தி வலுவேற்றிய எஃகு. அதை டார்ச்சால் சுட்டால் பதம் போய்விடும், எந்த வலுவை நம்பி அந்தப் போல்ட்டைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்த வலுவே இருக்காது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பெயின்ட் மட்டும் கருகியிருக்கும். சரி, முதல் வழி அடைபட்டது. மற்ற இரண்டு? ஓட்டையை நீளமாக்கினால் கிடைமட்ட விசை எப்படி இறங்கும் என்று பார்க்க வேண்டும். கெமிக்கல் ஆங்கர் என்றால் அந்தக் காலம் காற்றில் மேலே தூக்கப்படுகிறதா, எவ்வளவு விசையில், போல்ட் ஓரத்துக்கு நெருங்கிவிட்டதால் கான்கிரீட் கூம்பாகப் பிய்ந்து வர எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கான்கிரீட் கோடான ஏசிஐ 318-இல் இதற்கென்று 2002-இல் ஒரு பிற்சேர்க்கையே வந்தது, 2014-இல் அது 17-ஆம் அத்தியாயம் ஆனது. சூத்திரமெல்லாம் எங்களுக்கும் தெரியும். அதில் போட வேண்டிய விசை மட்டும் தெரியாது. அது டிராயிங்கில் இல்லை.

உங்கள் ஆபீஸுக்குப் படிவம் போனது. வந்த பதில்: "தயாரிப்பாளரின் பரிந்துரைப்படியும் கோட் விதிகளின்படியும் சரிசெய்யவும்."

அன்றைக்கு எங்களோடு இருந்த டிசைன் பொறியாளர் கையில் டேப்போடு குழிக்குள் இறங்கினார். ஏறி வந்து கம்ப்யூட்டரில் கணக்கு மாடலைத் திறந்து பார்த்தார். முதல் காலம் பிரேசிங் (குறுக்குத் தாங்கிகள்) இருக்கும் இடைவெளியில் நிற்கிறது, காற்றடித்தால் அந்தப் பக்கம் முழுக்க அதுதான் மேலிழுப்பைத் தாங்குகிறது. அந்தப் பெடஸ்டலின் தலையை உடைத்து, அளவைப் பெரிதாக்கி, புதிதாகக் கம்பி கட்டி, புதுப் போல்ட் வைக்கச் சொன்னார். அடுத்த காலம் சும்மா செங்குத்து லோடு மட்டும் வாங்குவது. அங்கே ஓட்டையை நீளமாக்கி, மேலே தடிமனான வாஷர் பிளேட்டை வைத்து அதை பேஸ் பிளேட்டோடு வெல்டிங் செய்தால் போதும் என்றார். ஸ்கெட்ச் போட்டுத் தேதியோடு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்று மாலைக்குள் இரண்டு இடத்திலும் வேலை தொடங்கிவிட்டது.

ஒரே தவறு, அடுத்தடுத்த இரண்டு காலங்கள், தீர்வு வேறு வேறு. எந்தக் கோட் புத்தகத்தைப் புரட்டினாலும் இந்த வித்தியாசம் அதில் இருக்காது, ஏனென்றால் அது உங்கள் கணக்கில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது மொத்தமும் இதுதான். கோட் என்ன கேட்கிறது என்பதை நாங்களும் படித்துத் தெரிந்துகொள்ள முடியும். உங்கள் கட்டமைப்பு எதை நம்பி நிற்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீங்கள் எங்களைப் பார்க்கச் சொல்லும் விதிகளே உங்கள் சுற்றறிக்கைக்கு எதிராக இருக்கின்றன. ஸ்டீல் நிறுத்தும் வேலைக்கு அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2001-இல் கொண்டுவந்த விதிகளை எடுத்துப் பாருங்கள். கட்டமைப்புக்குப் பொறுப்பான பொறியாளரின் ஒப்புதல் இல்லாமல் ஆங்கர் போல்ட்டைப் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, சைட்டில் திருத்தவோ கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. கேட்டுப் பத்து நாள் காத்திருந்து பதில் வராவிட்டால் செய்துகொள்ளலாம் என்று அதில் எழுதவில்லை.

கெமிக்கல் ஆங்கர் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2006 ஜூலையில் பாஸ்டன் சுரங்கச் சாலையில் மேற்கூரைக் கான்கிரீட் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். பலகைகளைப் பிடித்திருந்தவை எபாக்ஸி வைத்த ஆங்கர்கள். ஓயாமல் இழுவையில் தொங்கும் இடத்துக்குப் பொருந்தாத எபாக்ஸி அது, நாளாக ஆக மெதுவாக நெகிழ்ந்து கழன்று வந்திருக்கிறது. வைத்த அன்று இழுத்துப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கும். அந்த இடத்தில் விசை நிரந்தரமாக இருக்குமா வந்து போகுமா என்று தெரிந்தவர்தான் சரியானதைத் தேர்ந்தெடுக்க முடியும். ஸ்டோரில் இருக்கும் டியூபை எடுத்து வரும் ஹெல்பரோ, அவரை அனுப்பும் நானோ அந்த ஆள் இல்லை.

அப்புறம், எந்தக் கோட்? இதைக் கேட்டால் எரிச்சல் வரும் உங்களுக்கு, ஆனால் தூரத்து சைட்டில் இதுதான் தினப்படி தலைவலி. ஒப்பந்தத்தில் ஒரு கோட், பரிசோதனை லேபில் இருக்கும் உபகரணங்கள் வேறொரு கோட் பழக்கத்தில் வாங்கியவை, மெஷின் விற்றவர் கொடுத்த லோடு மூன்றாவது கோட்படி, கம்பி வந்த ஆலையின் சான்றிதழ் நான்காவது. எல்லாம் சேர்ந்து வந்து விழுவது எங்கள் மேசையில்.

கான்கிரீட்டையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ஸ்பெசிஃபிகேஷனில் 30 மெகாபாஸ்கல் என்று இருக்கிறது, அமெரிக்க முறைப்படி அது சிலிண்டர் (உருளை வடிவ மாதிரி) வலிமை. சைட் லேபில் இருப்பது 150 மி.மீ. கியூப் (கனசதுர மாதிரி) மோல்டு. கியூபில் கிடைக்கும் எண் எப்போதும் கூடுதலாக இருக்கும். பொதுவாக அதில் 0.8 பங்குதான் சிலிண்டர் வலிமை. ஐரோப்பியக் கோடான யூரோகோட் இந்தக் குழப்பம் வரக் கூடாது என்றுதான் சி30/37 என்று இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுகிறது. 28 நாள் கியூப் 32 வந்தது, லேப் ரிப்போர்ட்டில் "பாஸ்" என்று சீல் குத்தியாயிற்று. சிலிண்டர் கணக்கில் அது 26-ஐக்கூடத் தொடவில்லை. இதைக் கேள்வியாக எழுதி அனுப்பினால் "கோட் ஏற்பு விதிகளைப் பின்பற்றவும்" என்று பதில். பின்பற்றுகிறோம் ஐயா, கான்கிரீட்டைத் துளைத்து கோர் எடுக்கிறோம், மூன்று கோரின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதமும் எதுவும் 75-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் கோர் எங்கே போடுவது? எந்த பீமில், எந்த இடத்தில் துளைத்தால் கம்பி அறுபட்டாலும் பரவாயில்லை, எங்கே கை வைக்கவே கூடாது? அதற்குப் பதில் சொல்லக்கூடியவரைத்தான் நீங்கள் விமானம் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

கம்பியும் இதே கதைதான். டிராயிங்கில் 420 கிரேடு (இளகு வலிமை 420 மெகாபாஸ்கல்). லாரியில் வந்து இறங்கியது 500. திருப்பி அனுப்பினால் அடுத்த லோடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு தூரம். கொள்முதல் பிரிவு சொல்வது: கேட்டதைவிட வலுவானதுதானே வந்திருக்கிறது, இதில் என்ன குறை? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி 500 வரைக்கும் வேலை செய்ய வேண்டும் என்றால் கம்பிகள் ஒன்றோடொன்று படியும் லேப் நீளமும் கான்கிரீட்டுக்குள் புதையும் ஆங்கரேஜ் நீளமும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும், அதுவே டிராயிங்கில் உள்ள நீளத்தில் கிடைக்காது. நிலநடுக்கத்துக்கு டிசைன் செய்த ஃபிரேம் என்றால் விஷயம் இன்னும் மோசம். அங்கே கம்பி எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த விசையில் இளக, அதாவது உடையாமல் நீள, வேண்டும். கம்பி கூடுதல் வலுவாக இருந்துவிட்டால் பீம் வளைந்து கொடுக்காமல், அந்த விசை ஷியராக (வெட்டு விசையாக) மாறி, காலத்தையோ ஜாயின்டையோ திடீரென்று உடைத்துவிடும். அதனால்தான் ஏசிஐ அந்த மாதிரி ஃபிரேம்களில் கம்பியின் உண்மையான இளகு வலிமை சொன்னதைவிட 125 மெகாபாஸ்கலுக்கு மேல் கூடிவிடக் கூடாது, அறும் வலிமை இளகு வலிமையைப் போல் 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறது. இந்த ஃபிரேமில் எது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கம்பி கட்டும் இடத்தில் நின்றுகொண்டு நான் எப்படிச் சொல்வேன்?

காற்று பற்றிச் சுருக்கமாக. அமெரிக்க முறையில் காற்றின் வேகம் 3 விநாடி வீச்சு, யூரோகோடில் அடிப்படை வேகம் 10 நிமிடச் சராசரி. முன்னது பின்னதைப் போல் சுமார் 1.4 மடங்கு, அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யூரோகோட் அந்த வீச்சை வேறு ஒரு கட்டத்தில் சேர்த்துக்கொள்கிறது, அதனால் அதற்குள்ளேயே பார்த்தால் தப்பில்லை. ஆனால் விற்பனையாளர் தாளில் "காற்று: இத்தனை மீட்டர்" என்று மட்டும் எழுதியிருப்பதை எடுத்து இன்னொரு கோடின் சூத்திரத்தில் போட்டால் சிம்னி அஸ்திவாரம் பாதி லோடுக்கு வந்து நிற்கும். போதாக்குறைக்கு, அமெரிக்க லோடு கோடான ஏஎஸ்சிஇ 7-இன் 2010 பதிப்பில் வரைபட வேகங்களே உயர்ந்து, காற்று லோடைப் பெருக்கும் லோடு ஃபாக்டர் 1.6-இலிருந்து 1.0 ஆகிவிட்டது. பழைய வேகத்தையும் புதிய ஃபாக்டரையும் சேர்த்துப் போட்டவர்கள் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? விற்பனையாளர் தாளை உங்கள் ஆபீஸில் யார் சரிபார்த்தார்கள் என்று கேட்டால் இன்றுவரை பெயர் வரவில்லை.

தொழிற்சாலைக் கட்டமைப்புகளில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கோட் புத்தகங்களில் பெரும்பாலானவை கட்டடங்களை மனதில் வைத்து எழுதியவை. பைப் ரேக், கன்வேயர் கேலரி, அதிரும் கம்ப்ரசருக்கு அஸ்திவாரம், சூடாகி நீளும் குழாயைப் பிடிக்கும் ஆங்கர், இதெல்லாம் வந்தால் அந்தப் புத்தகங்கள் ஒன்று மௌனமாகிவிடும், இல்லையென்றால் பொறியாளரின் தீர்மானத்துக்கு விடும். அந்தப் பொறியாளர் நீங்கள். சுழலும் மெஷினுக்கு அஸ்திவார எடை மெஷினைப் போல் மூன்று மடங்கு, பிஸ்டன் மெஷினுக்கு ஐந்து மடங்கு என்ற கைக்கணக்கு எங்களுக்கும் மனப்பாடம். அது தொடங்குவதற்குத்தான், முடிப்பதற்கு இல்லை. மெஷின் விவரம் இன்னும் வரவில்லை என்று "ஹோல்டு" மேகம் (அந்தப் பகுதியை நிறுத்திவைக்கச் சொல்லும் மேக வடிவக் கோடு) போட்ட டிராயிங்கைக் கட்டுமானத்துக்கு என்று வெளியிடுகிறீர்கள், மேகத்துக்கு வெளியே கம்பி கட்டுகிறோம், மேகம் எப்போது கலையும் என்று கேட்டால் படிவம் எழுதச் சொல்கிறீர்கள்.

தூரமும் தாமதமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் புதிதாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. 1907 ஆகஸ்ட் 29, கனடாவின் கியூபெக் பாலம். ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். மேல்கட்டுமானம் எழும்பிய காலத்தில் அவர் சைட்டுக்குப் போகவே இல்லை. பாலத்தின் அடிப்பக்க எஃகு உறுப்புகள் (கீழ் கார்டு) வளைந்திருப்பதை சைட்டில் பார்த்துவிட்டார்கள், அளந்தும் விட்டார்கள். அங்கே இருந்தவர்களில் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைக் கையில் எடுக்க யாருமில்லை. அதனால் இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் ரயிலேறி நியூயார்க் போனார். கூப்பர் உடனே புரிந்துகொண்டார், இனிமேல் லோடு ஏற்றாதீர்கள் என்று தந்தி கொடுத்தார். தந்தி போனது கியூபெக்குக்கு இல்லை, பாலத்தைத் தயாரித்த நிறுவனம் இருந்த பென்சில்வேனியாவுக்கு. அன்று மாலை வேலை முடியும் நேரத்தில் பாலம் ஆற்றில் விழுந்து 75 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ரயிலும் தந்தியும் இருந்த காலத்தில்கூட கேள்வியை ஒரு ஆள் நேரில் கொண்டுபோனார். நீங்கள் போன் போடக் கூடாது என்கிறீர்கள்.

போனில் சொன்னால் போதும் என்றும் நான் வாதாடவில்லை. 1981-இல் கான்சஸ் சிட்டி ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் 114 பேர் இறந்ததற்குக் காரணம் ஒரு சின்ன மாற்றம்: தொங்கும் இரண்டு நடைபாதைகளைப் பிடிக்க மேலிருந்து கீழ் வரை ஒரே தண்டாகத் தொங்க வேண்டியதை, செய்வதற்கு வசதியாக இரண்டு தண்டாகப் பிரித்துவிட்டார்கள். மேல் நடைபாதையின் பீமில் அந்த நட்டுக்கு வந்த லோடு இரட்டிப்பானது. யாரும் புதிதாகக் கணக்குப் போடவில்லை, ஷாப் டிராயிங்கில் சீல் மட்டும் விழுந்தது. ஒப்புதல் கொடுத்தது யார், எப்படிக் கேட்டார்கள் என்று பிறகு ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அதனால் எழுத்தில் வேண்டும், கணக்கோடு வேண்டும், கையெழுத்தோடு வேண்டும். படிவத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. படிவத்துக்குப் பின்னால் ஆள் இல்லை என்பதுதான் கோபம்.

"பத்து நாள்" என்று சொல்லும்போது சைட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷட்டரிங் அடைத்து, கம்பி கட்டி, இன்ஸ்பெக்‌ஷனும் முடிந்த அஸ்திவாரம் பத்து நாள் திறந்து கிடக்காது. மழை வரும், மணல் நிரம்பும், கம்பி துருப்பிடிக்கும், கிரேன் வாடகை ஓடும், மேலாளர் ஒவ்வொரு காலையும் அதே கேள்வியைக் கேட்பார். மூன்றாம் நாளே யாரோ ஒருவர் "போட்டுவிடலாம்" என்பார். 1978 ஏப்ரலில் மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் கூலிங் டவர் கட்டும்போது இதே அவசரம்தான். முந்தைய நாள் போட்ட கான்கிரீட் வலுப்பெறும் முன்பே சாரமும் ஷட்டரிங்கும் அதில் தொங்கின, அது பிய்த்துக்கொண்டு வந்தது, 51 பேர் இறந்தார்கள். கான்கிரீட் எத்தனை வலுப்பெற்ற பிறகு அடுத்த அடுக்கை ஏற்றலாம் என்பது டிசைன் கேள்விதான், கால அட்டவணைக் கேள்வி அல்ல. ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லாத சைட்டில் அதைக் கால அட்டவணைதான் முடிவு செய்யும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களில் பெரும்பாலானவர்களுக்கு டிசைன் மாற்றத்தில் கையெழுத்துப் போடும் உரிமமும் கிடையாது, அதற்கான காப்பீடும் கிடையாது. உங்கள் சுற்றறிக்கை எங்களுக்குக் கொடுத்தது அதிகாரம் மாதிரி தெரிகிறது. உண்மையில் பொறுப்பை மட்டும் தள்ளிவிட்டு கணக்கை நீங்களே வைத்துக்கொண்டீர்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள் இரவு ஷிஃப்டில் தனியாக நிற்கிறார்கள். பத்தாம் நாள் முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையிடம்தான் ஃபோர்மேன் வந்து நிற்பார், கெடு முடிந்துவிட்டது, சொல்லுங்கள் சார், போடலாமா என்று.

ஆகவே கேட்கிறேன். முதலில், அந்தக் கடைசி வரியை எழுத்தில் ரத்து செய்யுங்கள். பதில் வராத கேள்விக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்: வேலை நிற்கும், அந்தத் தாமதம் டிசைன் ஆபீஸ் கணக்கில் எழுதப்படும். கான்கிரீட் போடும் வேலையும் ஸ்டீல் நிறுத்தும் வேலையும் நடக்கும் காலம் முழுக்க ஒவ்வொரு தூரத்து சைட்டிலும் ஒரு டிசைன் பொறியாளர் இருக்க வேண்டும், கணக்கு மாடலைத் திறந்து பார்க்கும் அனுமதியோடும், வேலையை நிறுத்தும் அதிகாரத்தோடும். எல்லா சைட்டுக்கும் முடியாது என்றால் இரண்டு சைட்டுக்கு ஒருவரை வைத்து, அவர் இல்லாத நாட்களில் பெயர் சொல்லி ஒரு டிசைனரைப் போனில் கிடைக்க வையுங்கள். பேசியதை அன்றே எழுத்தில் உறுதிசெய்யட்டும்.

கேள்விகளை எல்லாம் ஒரே கூடையில் போடாதீர்கள். ஆங்கர் போல்ட், கம்பி கிரேடு மாற்றம், கான்கிரீட் வலிமைக் குறைவு, பிரேசிங் இணைப்பு, தோண்டியபோது மண் அறிக்கையில் சொன்னதற்கு மாறாக வந்த மண், இவற்றுக்கு ஒரு நாளில் ஒரு ஆளின் பெயரோடு பதில் வேண்டும். பெயின்ட் நிறம் பற்றிய கேள்வி பத்து நாள் இல்லை, ஒரு மாதம்கூடக் காத்திருக்கட்டும். "கோட்படி செய்யவும்" என்ற பதிலை இனி பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள். எந்தக் கோட், எந்தப் பதிப்பு, எந்த விதி, எந்த விசை என்று சொன்னால்தான் கேள்வி முடிந்ததாக அர்த்தம்.

ஒவ்வொரு காலத்துக்கும் பேஸில் வரும் விசைகளை, மேலிழுப்பு உட்பட, அஸ்திவார டிராயிங்கிலேயே அச்சிடுங்கள். வெறும் ஒரு அட்டவணை, உங்கள் சாஃப்ட்வேர் தானே கொடுப்பது. கான்கிரீட் வலிமை சிலிண்டரா கியூபா, காற்று வேகம் எத்தனை விநாடிச் சராசரி, எந்த ஃபாக்டரோடு என்று முதல் ஷீட்டில் எழுதுங்கள். விற்பனையாளர் கொடுக்கும் லோடு தாளை உங்கள் ஆபீஸில் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் அந்த அஸ்திவார டிராயிங்கைக் கட்டுமானத்துக்கு வெளியிடாதீர்கள்.

அடுத்த மாதம் எங்கள் சைட்டில் ஸ்டீல் நிறுத்தும் வேலை தொடங்குகிறது. அதற்கு முன்னால் எங்களுக்குப் பதில் வேண்டும், எழுத்தில், உங்களில் ஒருவரின் பெயரோடு. அதுவரை ஆங்கர் போல்ட்டிலோ கம்பி கிரேடிலோ எந்த மாற்றத்துக்கும், கெடு முடிந்தாலும் முடியாவிட்டாலும், நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. என்னோடு வேலை செய்யும் இளம் பொறியாளர்களையும் போட விடப் போவதில்லை.

இப்படிக்கு,
சைட்டில் இருக்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர்